சிவப்பு எழுத்தில் வராத பிழை



சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்தில் ஒரு மௌத் நிகழ்ந்தது. என் மாமா மகன், எனக்கு மச்சான், ஐம்பத்தெட்டு வயதில் காலமானார். அவருடைய கடையையும் மனையையும் விற்ற வகையில் 48 லட்சம் ரூபாய் வந்திருந்தது. இத்தா முடிந்த பிறகு அதனைப் பாகம் பிரிப்பது பற்றிப் பேச்சு எழுந்தது. துபாயில் பணியாற்றும் அவர் மகன், ஊர் வருமுன்பே கணக்கை முடித்துவிட எண்ணி, தன் கைபேசியில் உள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் கேட்டான். இளையோர் ‘சாட்பாட்’ என்று அழைக்கும் உரையாடும் கருவிதான் அது. “என் தந்தை இறந்துவிட்டார். மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் இருக்கின்றனர். 48 லட்சம் ரூபாயை ஷரீஅத் முறைப்படி எவ்வாறு பிரிப்பது?” என்பது அவன் கேள்வி.

சில நொடிகளில் விடை வந்துவிட்டது. மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, 6 லட்சம். எஞ்சிய 42 லட்சத்தில் மகனுக்கு 21 லட்சம், மகள்களுக்கு ஆளுக்குப் பத்தரை லட்சம். அழகாகக் கட்டம் போட்டு, கூட்டுத் தொகையும் காட்டியிருந்தது. அதனைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இட்டுவிட்டு, “மாமா, நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்” என்று எனக்கு எழுதினான். முப்பது ஆண்டுகள் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தியவன் நான். தாளை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். ஒரு ரூபாய் பிசகவில்லை. “சரியாக உள்ளது” என்று பதில் எழுதினேன்.

பத்திரம் எழுதுமுன் ஒரு மரியாதைக்காக மஹல்லா இமாமிடம் அந்தக் கட்டத்தைக் காட்டினோம். ஹஜ்ரத் அவர்கள் எண்களைப் பார்க்கவே இல்லை. அவர்கள் கேட்ட முதல் கேள்வி, “மௌத்தானவருடைய தாயார் ஹயாத்தோடு இருக்கிறார்களா?” என்பதே.

இருக்கிறார்கள்! எண்பத்து மூன்று வயதில், அதே வீட்டின் உள்ளறையில், கட்டிலில் படுத்தபடி, என் மாமி இருக்கிறார்கள். பேரன் கேள்வியில் வாப்பும்மாவைக் குறிப்பிடவில்லை. கருவியும் கேட்கவில்லை. கூட்டிப் பார்த்த நானும் நினைக்கவில்லை. பிள்ளைகளை விட்டுச் சென்ற ஒருவருடைய சொத்தில் அவருடைய தாய்க்கு ஆறில் ஒரு பங்கு உண்டு. 48 லட்சத்தில் அது 8 லட்சம். ஒரு தாயின் எட்டு லட்சம் ரூபாய், ஒரு பிழைச் செய்தியும் இல்லாமல், சப்தமும் இல்லாமல், எங்கள் கணக்கிலிருந்து காணாமற் போயிருந்தது.

இந்தச் செயலிகளில் ஏற்படும் கோளாறுகளைப் பற்றி எழுதுமாறு வாசகர் சிலர் கேட்டிருந்தனர். சிவப்பு எழுத்தில் ஏதோ வருகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, பாதியில் நின்றுவிடுகிறது என்பன போன்ற குறைகள் அவை. அவற்றுக்கும் விடை சொல்லத்தான் போகிறேன். ஆயினும் கருவி தானே ஒப்புக்கொள்ளும் கோளாறினால் நமக்கு நேரும் நஷ்டம் ஐந்து நிமிடம்தான். அது ஒப்புக்கொள்ளாத பிழையை எண்ணித்தான் எனக்கு அச்சம். ஆகவே முன்னதை விரைந்து முடித்துவிடுகிறேன்.

சொல்லிவிட்டு வரும் கோளாறுகள்

சாட்ஜிபிடி என்னும் செயலி 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அடுத்த சில மாதங்களில், உள்ளே நுழைய முயன்றவர்களுக்கு ‘இப்போது இடம் இல்லை, பிறகு வாருங்கள்’ என்னும் பொருளில் ஓர் அறிவிப்பு அடிக்கடி வந்தது. கல்யாண வீட்டுப் பந்தியில் இலை நிரம்பிவிட்டால் அடுத்த பந்திக்குக் காத்திருப்பது போலத்தான். இன்றும், கூட்டம் மிகும் வேளைகளில் ‘ஏதோ தவறு நேர்ந்துவிட்டது’ என்றோ ‘வலைப்பின்னல் பிழை’ என்றோ வருவதுண்டு. அத்தகைய வேளையில் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். ‘மிக அதிகமான கோரிக்கைகள்’ என்னும் அடுத்த பிழையை அதுவே வரவழைத்துவிடும். நீங்கள் எழுதிய நீண்ட கேள்வியை முதலில் நகலெடுத்து வேறோர் இடத்தில் வைத்துக்கொண்டு, பிறகு பக்கத்தைப் புதுப்பியுங்கள். நகலெடுக்காமல் புதுப்பித்துவிட்டு அரைமணி நேர உழைப்பைத் தொலைத்தவர்களில் நானும் ஒருவன்.

கோளாறு நம் வீட்டிலா, அவர்கள் வீட்டிலா என்று அறிவதே முதல் வேலை. வேறொரு வலைத்தளம் திறக்கிறதா என்று பாருங்கள். அது திறந்து, இது மட்டும் திறக்கவில்லை என்றால், பெரிய நிறுவனங்கள் தம் சேவை இயங்குகிறதா என்று காட்டுவதற்கென்றே தனிப் பக்கம் வைத்துள்ளன. அங்கே பழுது என்று இருந்தால், நம் பக்கம் செய்வதற்கு ஒன்றுமில்லை. 2025 நவம்பர் 18ஆம் நாள் மாலை நம் நாட்டு நேரம் ஐந்து மணி அளவில், சாட்ஜிபிடியைத் திறந்த பலருக்கு ‘கிளவுட்ஃப்ளேர் முகவரியைத் தடை நீக்குங்கள்’ என்றோர் அறிவிப்பு வந்தது. நாம் எதைத் தடுத்தோம் என்று தெரியாமல் தம் கணினியையே குடைந்தோர் பலர். உண்மையில் நம்மில் யாரும் எதையும் தடுக்கவில்லை. உலகின் பெருந்தொகையான வலைத்தளங்களுக்கு வாயிற்காவலாய் நிற்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தில், தரவுத்தள அனுமதியில் செய்த ஒரு மாற்றத்தால் ஒரு கோப்பு இருமடங்காய்ப் பெருத்து, காவல் மென்பொருளே விழுந்துவிட்டது. இரவு எட்டு மணி வாக்கில் பெரும்பகுதி சரியாயிற்று. அந்த மூன்று மணி நேரம் மஃரிபும் இஷாவும் தொழுதுவிட்டு வந்திருந்தால் ஒன்றும் குறைந்திருக்காது.

பக்கம் உங்களுக்கு மட்டும் திறக்கவில்லை என்றால், மறைமுக உலாவல் சாளரத்தில் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால், உலாவியில் சேர்ந்துள்ள பழைய குக்கீக்கள் காரணமாக இருக்கலாம். அவற்றை அழித்துவிட்டு மீண்டும் உள்நுழையுங்கள். அலுவலகத்து வி.பி.என். இணைப்பு ஓடிக்கொண்டிருந்தால், ‘நீங்கள் மனிதர்தானா?’ என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். அதை நிறுத்திவிட்டு முயலலாம். பழைய உரையாடல்கள் எல்லாம் அழிந்துவிட்டன என்று கலங்கும் தாய்மார்கள், முன்பு எந்த மின்னஞ்சல் கணக்கின் வழியே நுழைந்தார்கள் என்று நினைவுகூர வேண்டும். மகன் தன் கணக்கில் திறந்து கொடுத்திருப்பான், பிறகு மகள் தன் கணக்கில் திறந்திருப்பாள். உரையாடல் எங்கும் போகவில்லை, வேறு கணக்கில் இருக்கிறது. இன்னும் ஒன்று: பெயரிலும் சின்னத்திலும் அசலைப் போலவே தோன்றி, வாரந்தோறும் பணம் கறக்கும் போலிச் செயலிகள் உண்டு. தயாரித்த நிறுவனத்தின் பெயரைப் பார்த்தே பதிவிறக்குங்கள்.

தமிழுக்கு மட்டும் ஏன் இந்தத் தடுமாற்றம்?

தமிழில் கேட்டால் விடை பாதியில் நின்றுவிடுகிறது, மெதுவாக வருகிறது என்று பலர் குறைப்பட்டதுண்டு. அதற்குக் காரணம் இருந்தது. இக்கருவிகள் நம்மைப் போல் எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை. ஒரு வாக்கியத்தை ‘டோக்கன்’ எனப்படும் துண்டுகளாக நறுக்கிக்கொண்டே படிக்கின்றன. ஆங்கிலச் சொல் ஒன்று பெரும்பாலும் ஒன்றிரண்டு துண்டாகும். தமிழ்ச் சொல்லோ மீன் வெட்டுவது போலப் பல துண்டுகளாகச் சிதறும். ஒரு வேளையில் கருவி கையாளக்கூடிய துண்டுகளுக்கு அளவு உண்டாகையால், தமிழுக்கு அந்த அளவு சீக்கிரம் தீர்ந்துபோகும். 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-4ஓ என்னும் கருவியை வெளியிட்டபோது தந்த எடுத்துக்காட்டில், முன்பு 116 துண்டுகளான ஒரு தமிழ் வாசகம் புதிய முறையில் 35 துண்டுகளாகக் குறைந்திருந்தது. நிலைமை அந்த அளவுக்குத் திருந்தியிருக்கிறது. இன்னும் எப்போதாவது விடை இடையில் நின்றால், ‘தொடர்க’ என்று எழுதினால் போதும். உரையாடல் மிக நீண்டு, முன்னே சொன்னதைக் கருவி மறந்துவிட்டது போலத் தோன்றினால், தேவையான விவரங்களைச் சுருக்கமாக எழுதிக்கொண்டு புதிய உரையாடல் தொடங்குவதே நலம்.

‘இந்தச் சொல்லில் எத்தனை எழுத்து?’ என்று கேட்டால் அது தடுமாறுவதும் இதனால்தான். அது எழுத்தைப் பார்ப்பதில்லை, துண்டைப் பார்க்கிறது. பிள்ளைகளின் இலக்கணப் பயிற்சியை அதனிடம் ஒப்படைத்துவிட்டு ஆசிரியரிடம் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டாம்.

தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடையே வேரூன்றிவிட்டது. அவ்வாறு அடித்தால் சொத்தின் ‘பங்கு’ம் பள்ளிவாசலின் ‘பாங்கு’ம் ஏறக்குறைய ஒன்றுபோலவே விழும். கருவி எதை எடுத்துக்கொள்ளும் என்று யார் சொல்ல முடியும்? கைபேசியில் தமிழ் விசைப்பலகையை அமைத்துக்கொள்ள இரண்டு நிமிடம் ஆகும். குரலால் கேட்பவர்கள், எழுத்தில் என்ன விழுந்திருக்கிறது என்று அனுப்புமுன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

சொல்லாமல் வரும் பிழை

இனி என் அச்சத்துக்கு வருகிறேன்.

இக்கருவியை நூலகர் என்று எண்ணுவதே முதல் தவறு. நூலகர் ஏட்டை எடுத்துப் பார்த்து, இல்லையென்றால் இல்லை என்பார். இதுவோ, கணக்கற்ற பக்கங்களைப் படிக்கவைத்து, ஒரு சொல்லை அடுத்து எந்தச் சொல் வருவது பொருந்தும் என்று கணிக்கப் பழக்கப்பட்டது. ஏட்டில் உள்ளதும் ஏட்டில் இருந்திருக்கக்கூடியதும் அதன் நாவில் ஒரே உறுதியுடன் வெளிவரும். வலைத்தளங்களைத் தேடிப் பார்த்துச் சொல்லும் வசதி இப்போது பலவற்றில் சேர்ந்துள்ளது. அதனால் பிழை குறைந்திருக்கிறது. ஒழிந்துவிடவில்லை.

நியூயார்க் நகரில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். விமானத்தில் உணவு வண்டி முழங்காலில் இடித்ததாக ஒரு பயணி அவியான்கா விமான நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில், அவருடைய வழக்கறிஞர்கள் முன்மாதிரித் தீர்ப்புகள் என்று சிலவற்றை நீதிமன்றத்தில் காட்டினர். அவற்றுள் ஆறு, எந்த நீதிமன்றத்திலும் வழங்கப்படாதவை. சாட்ஜிபிடி புனைந்து கொடுத்தவை! ‘இவை உண்மையான வழக்குகள்தாமா?’ என்று வழக்கறிஞர் அதனிடமே கேட்டிருக்கிறார். ‘ஆம்’ என்று சாதித்திருக்கிறது. 2023 ஜூன் மாதம் நீதிபதி கெவின் காஸ்டெல் அவர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தார். திருடனிடமே சாட்சி கேட்ட கதையாயிற்று.

இதில் நமக்கு என்ன என்று கேட்பீர்கள். என் பேத்தி மதரஸா ஆண்டு விழாவில் பேசுவதற்காக, தாயின் சிறப்பைப் பற்றி ஒரு ஹதீஸ் கேட்டாள். கருவி கொடுத்தது. நூலின் பெயரும் எண்ணும் போட்டுக் கொடுத்தது. உஸ்தாத் நூலைப் புரட்டினால், அந்த எண்ணில் உளூவைப் பற்றிய வேறொரு செய்தி இருக்கிறது. பதிப்புக்குப் பதிப்பு எண் வேறுபடுவதுண்டு என்பதால் மற்ற பதிப்புகளிலும் தேடினார்கள். அந்த வாசகமே எங்கும் இல்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் சொல்லாத ஒன்றை, அவர்கள் சொன்னதாக, ஒன்பது வயதுச் சிறுமி ஒலிபெருக்கியில் சொல்ல இருந்தாள். பொருளோ நல்ல பொருள்தான். அதனாலேயே எவரும் ஐயுற்றிருக்கமாட்டார்கள்.

உடல் நலத்திலும் இவ்வாறே. அமெரிக்காவில் அறுபது வயது மனிதர் ஒருவர் உணவில் சமையல் உப்பை நீக்க விரும்பி, சாட்ஜிபிடியிடம் கலந்துகொண்ட பிறகு, அதற்கு மாற்றாக சோடியம் புரோமைடை வாங்கி மூன்று மாதம் பயன்படுத்தினார். அது தின்னும் பண்டம் அன்று. பக்கத்து வீட்டார் தமக்கு நஞ்சு வைப்பதாகப் பிரமை கொண்டு மருத்துவமனைக்கு வந்தவரை, மூன்று வாரம் வைத்து மருத்துவம் செய்ய நேர்ந்தது. 2025 ஆகஸ்டில் மருத்துவ ஏடு ஒன்றில் இது வெளியாயிற்று. உப்புக்கு மாற்று எது என்று மருத்துவர்கள் தாமே அதே கருவியின் பழைய வடிவத்திடம் கேட்டுப் பார்த்தபோது, அதுவும் புரோமைடைச் சொல்லியிருக்கிறது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று மட்டும் வினவவில்லை.

கவனித்தீர்களா? ஹஜ்ரத் வினவியது எதுவோ, அதைத்தான் கருவி வினவவில்லை. பெற்ற தாய் இருக்கிறாரா, கடன் இருக்கிறதா, மனைவியின் மஹர் கொடுத்தாயிற்றா, வஸிய்யத் ஏதும் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்ட பிறகே அவர்கள் பேனாவைத் திறந்தார்கள்.

தொழுகை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரைச் சொல்லாமல் கேட்டாலும் கருவி ஏதேனும் ஒரு நேரத்தைச் சொல்லிவிடக்கூடும். ஊரைச் சொன்னாலும், நீங்கள் ஷாஃபியா, ஹனஃபியா என்று அதற்குத் தெரியாது. அஸருடைய நேரம் இரு மத்ஹபுகளிலும் வேறு அல்லவா? கேள்வியில் அதையும் எழுத வேண்டும். ‘நாளை பெருநாளா?’ என்று அதனிடம் கேட்கும் பிள்ளைகளைப் பற்றி என்ன சொல்ல! வானத்தில் பிறை தென்பட்டதா என்பது, அறிவிப்பு வெளியாகும்வரை எந்தக் கருவிக்கும் தெரியாது. அன்றிரவு மாவு கரைக்கலாமா என்று காத்திருக்கும் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த அளவே அதற்கும் தெரியும்.

முகம் பார்த்துப் பேசும் நோய்

இன்னொரு பிழை உண்டு. அதனை நான் வேண்டுமென்றே சோதித்து அறிந்தேன். ஹஜ்ரத் அவர்கள் கணக்கு எழுதிக் கொடுத்த பிறகு, அதே செயலியில் புதிய உரையாடல் திறந்து, இம்முறை தாயாரையும் சேர்த்துக் கேட்டேன். மனைவிக்கு 6 லட்சம், தாய்க்கு 8 லட்சம், எஞ்சிய 34 லட்சத்தில் மகனுக்கு 17, மகள்களுக்கு ஆளுக்கு எட்டரை என்று மிகச் சரியாகச் சொல்லிற்று. “இல்லையே! பிள்ளைகள் இருக்கும்போது தாய்க்குப் பங்கு இல்லையே” என்று பொய்யாக மறுத்தேன். உடனே “மன்னிக்கவும், நீங்கள் கூறுவது சரி” என்று பணிந்து, மாமியின் எட்டு லட்சத்தை மறுபடியும் எடுத்துவிட்டது!

கடைக்கு வந்தவர் முகம் சுளித்தால் விலையை மாற்றும் வியாபாரியைப் போன்றது இக்குணம். இதை அவற்றைச் செய்தவர்களும் அறிவார்கள். 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட ஒரு திருத்தம், பயனாளர்களை அளவுக்கு மீறிப் புகழ்ந்து தலையாட்டத் தொடங்கியதால், சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ஆகவே, ‘இது தவறுதானே?’ என்று உங்கள் விருப்பத்தைக் கேள்விக்குள் வைத்துக் கேட்காதீர்கள். விடையில் ஐயம் எழுந்தால் அதே உரையாடலில் வாதிடாமல், புதிய உரையாடலில் அதே கேள்வியை வேறு சொற்களில் கேளுங்கள். இரண்டு விடையும் மாறுபட்டால், ஆள் ஒருவரிடம் போக வேண்டிய கேள்வி அது என்று தெரிந்துகொள்ளலாம். ஒத்துப்போனாலும் சரியென்று பொருளில்லை. தாயை விட்டுவிட்டு நூறு முறை கேட்டிருந்தாலும் நூறு முறையும் 21 லட்சம் என்றே வந்திருக்கும்.

எனக்குப் பெரிதும் உதவிய வழி ஒன்றைச் சொல்கிறேன். கேள்வியை எழுதிவிட்டு, அதன் அடியில், “விடை சொல்லுமுன், என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை முதலில் கேள்” என்று ஒரு வரி சேருங்கள். மருமகன் கேட்ட அதே குறைப்பட்ட கேள்வியை இந்த வரியோடு கொடுத்துப் பார்த்தேன். பெற்றோர் உயிருடன் உள்ளனரா, கடன் உண்டா என்று முறையாகக் கேட்டது. கேட்கத் தெரியாத கருவி அன்று அது. கேள் என்று சொன்னால் கேட்கிறது. அரசு அறிவிப்பு, காப்பீட்டுத் தாள், மருந்துச் சீட்டு போன்றவற்றைப் பற்றி வினவும்போது, அந்தத் தாளின் வாசகத்தையே உள்ளே கொடுத்து, ‘இதில் உள்ளதை மட்டும் வைத்து விளக்கு, இதில் இல்லாததை இல்லை என்று சொல்’ என்று கேட்டால் கற்பனை வெகுவாகக் குறையும். ஆனால் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் முன்பே அடித்துவிடுங்கள்.

மாமியிடம் செய்தியைச் சொன்னோம். காது மந்தம். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. “என் பிள்ளை சொத்திலே எனக்கா?” என்று கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, கண் அறுவைக்குப் பணம் கட்ட இனி யாரையும் கேட்க வேண்டாமா என்று வினவினார்கள். பேரன் விடுப்பில் வந்து, ஹஜ்ரத் எழுதிய கணக்குப்படியே பத்திரம் முடித்துக் கொடுத்துச் சென்றான்.

வாட்ஸ்அப் குழுவில் நான் எழுதிய “சரியாக உள்ளது” என்னும் வரி இன்னும் அங்கேயே கிடக்கிறது. அழிக்கவில்லை. அதற்குப் பதிலாக ஹஜ்ரத் எழுதிய தாளின் படத்தை இட்டு, கீழே என் பெயரை எழுதினேன்.